கத்தி, சீப்பு, ரம்பம்

"ஒரே ஒரு பேரைப் படிக்கக் கத்துக்க எத்தனை நாள் ஆகும், எழுத்தம்மா?"

வணக்கம்கூடச் சொல்லாமல் கென்னா கேட்ட முதல் கேள்வி இது. வயது ஐம்பத்து மூன்று. நாற்பது வருடமாகக் கல் கொத்துகிறவர். பொறுமையை எல்லாம் கல்லிடமே செலவழித்துவிட்டு மனிதர்களிடம் வெறுங்கையோடு வருகிறவர்.

எழுத்தம்மா என்று படித்துறையே அழைக்கும் தாமித்துக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. நைல் நதியின் கிழக்குக் கரையில், படகுகள் வந்து முட்டும் இடத்தில், பாய் விரித்து உட்கார்ந்து ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பாள். தாமித் என்றால் பூனை. கேள்வி கேட்டவரைப் பார்த்துப் பூனை மாதிரியே கண்ணைச் சிமிட்டுவாள். பதில் வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

"யாரோட பேர்?"

"என் பெண்டாட்டியோட பேர். மெரித்-அமுன்."

மீதியை அவரே கடகடவென்று கொட்டினார். மேற்குக் கரையில், இறந்தவர்களின் பக்கம், ஒரு சந்து இருக்கிறது. இரண்டு பக்கமும் சுவர். பக்கத்துக்கு இருபது கல். உருவம் செதுக்க வசதியில்லாத ஏழைகளின் கற்கள். மேலிருந்து கீழாகப் பெயர் மட்டும் இறங்கும். அந்தப் பெயரை யாராவது வாய்விட்டுச் சொல்லும்வரை இறந்தவருக்கு உயிர் உண்டு. சொல்ல ஆளில்லாவிட்டால் இன்னொரு முறை சாக வேண்டியதுதான். அந்த நாட்டில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

பழைய மன்னருக்கு அமுன் தெய்வத்தைப் பிடிக்காது. கண்ட இடத்தில் எல்லாம் அந்தப் பெயரைக் கொத்தி எடுக்கச் சொன்னார். புது மன்னருக்குப் பிடிக்கும். கொத்திய இடத்தில் எல்லாம் திரும்ப வெட்டச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பத்தாம் நாள் திருவிழா, அமுன் படகேறி மேற்குக் கரைக்கு வருகிறார். அதற்குள் ஒவ்வொரு கல்லுக்கும் உரியவர் வந்து, கண்காணி முன்னால் பெயரைப் படித்து, இது எங்களுடையது என்று சொல்ல வேண்டும். ஆள் வராத கல்லைப் பெயர்த்துப் புது வாசலின் அஸ்திவாரத்தில் போட்டுவிடுவார்கள்.

"கல்லு எதுன்னு எனக்குத் தெரியும். பத்து வருஷமா அங்கேதான் ரொட்டி வைக்கிறேன். படிக்கத்தான் தெரியாது. அந்த ஒரு பேர் போதும் எனக்கு."

தாமித் ஓர் ஓட்டாஞ்சில்லை எடுத்தாள். மூன்று குறிகளை வரைந்து அவர் முன்னால் வைத்தாள்.

கென்னா சிரித்துவிட்டார்.

"கத்தி, சீப்பு, ரம்பம்."

"என்னது?"

கல் கொத்துகிறவர்களின் பேச்சு அது. அவர்களுக்கு எழுத்து தெரியாது. யாரோ மையால் இழுத்துக் கொடுக்கும் கோட்டின்மேல் உளி ஓட்டுவார்கள், அவ்வளவுதான். ஆனாலும் குறிகளைச் சொல்ல ஒரு பெயர் வேண்டுமே. பழைய மன்னரின் ஆட்கள் வந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள்: கத்தி, சீப்பு, ரம்பம் மூன்றும் சேர்ந்து எங்கே நின்றாலும் கொத்து. அந்தச் சந்திலும் கொத்தினார்கள்.

"யார் கொத்தினாங்க?"

கென்னா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"நான்தான்."

தெற்கே கல்லுடைக்கும் மலையில் நான்கு வருடம் இருந்துவிட்டு அவர் அப்போதுதான் திரும்பியிருந்தார். மனைவி செத்ததும், அவள் அண்ணன் கல் நட்டதும் அவர் இல்லாதபோது நடந்தவை. அந்த அண்ணனும் படையோடு வடக்கே போனவன், வரவில்லை. சந்தில் ஒரு கல் அவளுடையது என்று கொத்தி முடித்த மறுநாள்தான் காதில் விழுந்தது. எது என்று யாருக்கும் தெரியவில்லை. அரைகுறையாக எழுத்து தெரிந்த கூட்டாளி ஒருவன், மெரித் என்பது மண்வெட்டிக் குறியில் தொடங்கும் என்றான். மண்வெட்டி உச்சியில் இருந்த கல் சந்தில் ஒன்றே ஒன்றுதான். கீழே கொத்திய குழியும் இருந்தது. மெரித் மேலே, அமுன் கீழே. கணக்குச் சரியாக இருந்தது.

தாமித் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. கத்தியைத் தொட்டாள்.

"இது நாணல் இலை. 'இ'."

சீப்பைத் தொட்டாள்.

"இது ஆட்டப் பலகை, மேலே காய்கள். 'ம்', 'ன்'."

ரம்பத்தைத் தொட்டாள்.

"இது தண்ணி. 'ன்'."

"இம்ன்-ன்?"

"பலகையிலேயே 'ன்' இருக்கு. தண்ணி துணைக்கு நிக்குது. ஒரு தடவை சொன்னாப் போதும்."

"இம்ன்." நாக்கு இடறியது. "அமுன் எங்கேம்மா இதுல? நடுவுல இருக்கிற சத்தமெல்லாம் எங்கே?"

தாமித் அவர் கையை இழுத்து விரித்து, உள்ளங்கையில் ஊதினாள்.

கென்னா கையைப் பார்த்தார். சில்லைப் பார்த்தார். மூச்சைக் கல்லில் வெட்ட முடியாது, படிக்கிறவர் வாய்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

"அமுன்," என்றார். பிறகு இன்னொரு முறை, சத்தமாக, "அமுன்."

நாற்பது வருடமாக உளிக்குக் கீழே ஊமையாகக் கிடந்தது வாய் திறந்துவிட்டது. எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். படகோட்டி ஒருவன் என்ன ஆச்சு பெரியவருக்கு என்று எட்டிப் பார்த்தான்.

நாளைக்கு வாங்க என்றாள் தாமித்.



ஒரு பெயர் போதும் என்றவர் மறுநாள் விடியும்போதே வந்து நின்றார். இன்னும் வேண்டும் என்றார்.

படித்துறைக்குப் பின்னால் ஒரு பழைய கோயில் சுவர் இருந்தது. தாமித் அவரை அங்கே நிறுத்தி, பறவைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கேட்டாள். வலது பக்கம் என்றார். அப்படியானால் வலது பக்கமிருந்து வாருங்கள், அவை உங்களை எதிர்பார்த்துத்தான் நிற்கின்றன என்றாள். கென்னா வலது கோடிக்குப் போய் நின்று பருந்தின் முகத்தைப் பார்த்தார். ஆயிரம் பருந்து வெட்டியிருப்பார். ஒன்றாவது தன்னைப் பார்த்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

ஒரு பெயருக்குப் பின்னால் தாடி வைத்த தெய்வம் ஒன்று உட்கார்ந்திருந்தது. இதை எப்படிப் படிப்பது என்று கேட்டார்.

தாமித் பேசாமல் நின்றாள்.

கென்னா காத்திருந்தார். பொறுமை போய்விட்டது. "எழுத்தம்மா, இதைப் படிங்கன்னு கேட்டேன்."

"படிச்சுட்டேனே."

அந்தக் குறிக்கு ஒலி கிடையாது என்பதும், முன்னால் வந்தது தெய்வத்தின் பெயர் என்று காட்டத்தான் அது உட்கார்ந்திருக்கிறது என்பதும் அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் கோபம் சிரிப்பாக மாறியது.

நான்காம் நாள் ஒரு சில்லைக் கொடுத்து, உதவி செய்ய மாட்டேன், நீங்களே படியுங்கள் என்றாள். கென்னா விரல் வைத்து முக்கி முனகினார். மி. இ. உ. கடைசியில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

"மியூ," என்றார். "மியூ. பூனை. அட, பூனைக்குப் பேர் வச்சதே பூனைதானா?"

அவர் சிரித்த சிரிப்பில் படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் பெயரின் உள்ளே இருந்த பூனைதான் அது என்று தாமித் சொல்ல, அதற்கும் சிரித்தார். அன்றைக்குச் சாப்பிடக்கூட மறந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள் தேவியர். சிம்மாசனம், பக்கத்தில் ஒரு சின்ன ரொட்டி: அசெத், நாம் ஐசிஸ் என்று கேள்விப்பட்டவள். கழுகு, ஒரு ரொட்டி: முத், தாய். இறகு, ஒரு ரொட்டி: மாத், நியாயம்.

"எல்லார் பக்கத்துலயும் ரொட்டி இருக்கே. படையலா?"

"பொண்ணுன்னு அர்த்தம். கடைசியில 'த்'னு ஒலிக்கும். சாமியா இருந்தாலும் மனுஷியா இருந்தாலும்."

கென்னா சுவர் நெடுக ஓடினார். இதோ ரொட்டி, இதோ ஒரு தேவி, இதோ இன்னொருத்தி. சொக்கப்பானையைச் சுற்றி ஓடும் பிள்ளையைப் போல ஓடினார். சுவரின் கோடிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். திரும்பி வரவில்லை.

தாமித் போய்ப் பார்த்தாள்.

"அவ கல்லுல ரொட்டி இல்லையே," என்றார்.



ஏழாம் நாள் கல்லை அப்படியே ஒரு சில்லில் வரைந்து கொண்டுவந்தார். எழுத்து தெரியாதே தவிர, நகல் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

உச்சியில் மண்வெட்டி. கீழே இரண்டு நாணல். அதற்கும் கீழே உட்கார்ந்த ஒரு மனித உருவம், தலை சிதைந்து போனது. பிறகு ஒரு வாத்து. பிறகு குழி. அதற்குக் கீழே இருந்ததை உப்பு தின்றுவிட்டது.

"படிங்க."

"மெ... ரி..."

"ரொட்டி?"

"குழியில போயிருக்கும். என் உளி பட்டு."

"குழி வாத்துக்குக் கீழேதானே இருக்கு. வாத்து எதுக்குன்னு யோசிக்கவே இல்லையா நீங்க?"

கென்னா தயங்கினார். "அவளுக்கு வாத்துக் கறின்னா உசிரு."

தாமித் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வாத்துன்னா மகன், பெரியவரே."

அவர் சில்லைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இந்த முறை யாரும் சொல்லாமல் தானே படித்தார். மெரி. மகன். அமுன் என்று தொடங்கும் யாரோ ஒருவருடைய மகன்.

"ஆம்பளை."

"ம். மெரின்னா பிரியமானவன்."

பத்து வருடம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ரொட்டி. கல்லைத் தடவித் தடவி, உன் தலையெண்ணெய் வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறதடி என்று புலம்பியது. கூரை ஒழுகியது, முட்டி வலித்தது, தனிமை, எல்லாவற்றையும் சொன்னது. அத்தனையையும் ஒரு மீசைக்காரன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

கென்னாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடக்கமுடியாமல் சிரித்தார். பிறகு முகம் மாறியது.

"அப்போ அவளுக்குப் பத்து வருஷமா யாருமே ரொட்டி வைக்கலையா? அவ பேரை யாருமே சொல்லலையா?"

தாமித் சில்லை வாங்கிப் பாயில் வைத்தாள்.

"மண்வெட்டியில தொடங்குற கல்லு வேற இல்லை, எழுத்தம்மா. நாற்பதையும் பார்த்துட்டேன். மெரித்-அமுன், மெரித்துதானே முதல்ல? அவ அண்ணன் கல்லே நடலையா? சொல்லுங்க."

"நாளைக்குப் படகேறும் நேரத்துக்கு வாங்க," என்றாள்.



எட்டாம் நாள் காலை படித்துறையில் நல்ல கூட்டம். திருவிழாச் சாமான்களோடு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். வெங்காய மூட்டைக்காரர், ஆட்டுக்குட்டியை இடுக்கிய பெண், அவளுக்குப் பின்னால் கென்னா. தாமித் வரிசைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தாள்.

என்ன பாடம் இது என்று இரண்டு முறை கேட்டார். வரிசையில் நில்லுங்கள் என்றாள்.

வெங்காயக்காரர் படகில் கால் வைத்த நேரத்தில் பின்னால் சலசலப்பு. மொட்டையடித்த பூசாரி ஒருவர் ஒரு சின்ன மரப்பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே தெய்வம். படகோட்டி அவரைக் கண்டதும் எல்லாரையும் ஒதுங்கச் சொன்னான். வெங்காயக்காரர் காலைப் பின்னால் எடுத்தார். பூசாரி கூட்டத்தைத் தாண்டிப் போய்ப் படகின் முகப்பில் பெட்டியை வைத்து உட்கார்ந்தார்.

கென்னாவுக்கு ஏற்கெனவே எரிச்சல். "நல்லா இருக்கே. கடைசியா வந்தவர் முதல்ல ஏறிட்டார்."

"சாமியாச்சே," என்றாள் தாமித்.

"சாமின்னா? வந்தது கடைசியிலதானே..."



வாய் மட்டும் அசைந்தது. "மெரித்... அமுன்." இன்னொரு முறை, விரலை மடக்கி. "மெரித் முதல்ல வர்றா. அமுன் கடைசியில வர்றார்." படகின் முகப்பில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "ஆனா எழுதும்போது சாமி முதல்ல..."

தாமித் கண்ணைச் சிமிட்டினாள்.

அந்த வயதில் அப்படி ஒரு தாவல் தாவ முடியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆட்டுக்குட்டியையும் அதை இடுக்கிய பெண்ணையும் தாண்டிப் படகுக்குள் விழுந்தார். எடு, எடு, தள்ளு என்று படகோட்டியை விரட்டினார். பூசாரி முறைத்ததை அவர் கவனிக்கவே இல்லை.



தாமித் அடுத்த படகில் போய்ச் சேர்ந்தபோது கென்னா சந்துக்குள் கல் கல்லாகப் பாய்ந்துகொண்டிருந்தார். மண்வெட்டியை மறந்துவிட்டார். இப்போது தேடியது உச்சியில் குழி உள்ள கற்களை. அவர் கொத்திய குழிகள்தான். பதினொன்று இருந்தன.

ஒவ்வொரு குழியிலும் கை வைத்து, அமுன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். அமுன், அப்புறம் இது மண்வெட்டி இல்லை. அமுன், அப்புறம் இதுவும் இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது. வலது பக்கச் சுவர் முடிந்துவிட்டது. இடது பக்கத்தில் மிச்சம் இரண்டு.

இரண்டாவதன் முன்னால் போனவர் கை வைக்கவில்லை.

மெரியின் கல்லுக்கு நேர் எதிரே இருந்தது அது. படையல் வைத்த பிறகு மீதி ரொட்டியைத் தின்ன அவர் உட்காருகிற இடம். பத்து வருடமாக முதுகு சாய்த்து, உடம்பு எண்ணெய் ஏறி, மற்ற கற்கள் எல்லாம் மங்கிக் கிடக்க அது மட்டும் மினுமினுவென்று இருந்தது.

உச்சியில் குழி. கீழே மண்வெட்டி. இரண்டு நாணல்.

அதற்குக் கீழே, எண்ணெய் அதிகம் படிந்த இடத்தில், ஒரு சின்ன ரொட்டி.

கென்னா கட்டைவிரலால் அதைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்காம்மா," என்றார் தாமித்திடம். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. "நான் அவனுக்குச் சொன்னதை எல்லாம் கேட்டுக்கிட்டு."

ஒன்பதாம் நாள் முழுக்க அவர் உளிச் சத்தம் சந்தில் கேட்டது. குழியைச் சமன்படுத்தி, சுண்ணம் அடைத்து, அதன்மேல் வெட்டினார். நாணல் இலை, ஆட்டப் பலகை, தண்ணீர். இந்த முறை யாரும் மையால் கோடு போட்டுக் கொடுக்கவில்லை.



பத்தாம் நாள் கண்காணி வந்தார். கூட ஓர் எழுத்தர், நான்கு கூலியாட்கள், கல் இழுக்கும் மரச்சறுக்கு, கயிறு.

ஒவ்வொருவராகப் படித்தார்கள். கென்னாவின் முறை வந்தது. விரல் வைக்கவில்லை. குறிகளைப் பார்த்தார், பிறகு வேலை முடிந்து வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"மெரித்-அமுன்."

எழுத்தர் தலைநிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார். அமுனுக்குப் பிரியமானவள், சரி, இவருடைய மனைவி, அடுத்தது என்றார் கண்காணி.

அடுத்தது எதிர்க்கல். உரியவர் யாராவது இருக்கிறீர்களா என்று மூன்று முறை கேட்டார்கள். யாரும் வரவில்லை. கூலியாட்கள் கயிற்றைச் சுற்றினார்கள்.

கென்னா தன் மனைவியின் கல்லில் ஒரு கை வைத்தபடி நின்றார். கயிறு இறுகியது. சுவரிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது.

"நிறுத்துங்க," என்றார்.

கண்காணி திரும்பினார். உன் கல்தான் முடிந்ததே என்றார்.

"இதையும் படிக்கிறேன்."

"உறவா?"

கென்னா எதிர்ச்சுவருக்கு வந்தார். கயிற்றை விலக்கிப் படித்தார். மெரி. அமுன் என்று தொடங்கும் ஒருவருடைய மகன். மீதியை உப்பு தின்றுவிட்டது.

கண்காணிக்குப் பொழுதாகிக்கொண்டிருந்தது. ஆற்றின் நடுவில் தெய்வத்தின் படகு தெரிய ஆரம்பித்துவிட்டது. கூலியாட்களைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்:

"மெரின்னா பிரியமானவன். அது எங்களுக்கும் தெரியும். இவன் யாருக்குய்யா பிரியமானவன்?"

கென்னா தாமித்தைப் பார்த்தார். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கல்லைப் பார்த்தார். பத்து வருடமாகத் தடவித் தடவி மழமழத்துப் போயிருந்தது.

"எனக்கு," என்றார்.